25 ஆண்டு விடுமுறைக்கு முன்பணம்

ஆண்டுக்கு ஒரு வாரம் ஒரு விடுதியில் தங்கும் உரிமையை, பல ஆண்டுகளுக்குச் சேர்த்து முன்கூட்டியே விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு டைம்ஷேர் எனப்படுகிறது. இதன் அடிப்படைக் கணக்கு எளிமையானது: ஓர் அறைக்கு ஆண்டில் 52 வாரங்கள் உள்ளன, பழுதுபார்ப்பதற்காக இரண்டு வாரங்களை ஒதுக்கிவிட்டு எஞ்சிய 50 வாரங்களையும் 50 குடும்பங்களுக்கு விற்றுவிட்டால், அறையைக் கட்டுவதற்கான முதலை வங்கியில் வட்டிக்கு வாங்காமல், அதில் தங்கப்போகிறவர்களிடமிருந்தே திரட்டிக்கொள்ளலாம். அறையைப் பராமரிக்கும் செலவையும் ஆண்டுக் கட்டணமாக அவர்களே ஏற்பதால், அறை காலியாகக் கிடக்குமோ என்ற விடுதித் தொழிலின் நிரந்தர அச்சம் நடத்துபவரின் தோளிலிருந்து வாங்குபவரின் தோளுக்கு மாறுகிறது. இந்திய நிறுவனங்கள் அண்மைக் காலமாக இதனை ‘வெகேஷன் ஓனர்ஷிப்’ என்று அழைக்கின்றன. பெயரில் உரிமையாளர் என்ற சொல் இருந்தாலும், இந்திய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின்படி வாங்குபவருக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமாவதில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

இம்முறை 1960-களில் ஐரோப்பாவில் உருவானது. சுவிட்சர்லாந்தில் 1963-இல் தொடங்கப்பட்ட ஹாப்பிமாக் நிறுவனம், தன் பங்குகளை வாங்கியோருக்குத் தங்கும் உரிமையைப் புள்ளிகளாக வழங்கியது; அதே காலகட்டத்தில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள பனிச்சறுக்குத் தலம் ஒன்றில், அறையை வாடகைக்கு எடுப்பதைவிட விடுதியையே வாங்கிவிடுவது மலிவு என்ற பொருள்பட விளம்பரம் செய்து வாரங்கள் விற்கப்பட்டன. அமெரிக்காவில் இது வேரூன்றியதற்குக் காரணம் வேறு: 1970-களின் நடுப்பகுதியில் பொருளாதாரம் சரிந்தபோது, புளோரிடா கடற்கரையில் கட்டி முடித்தும் விற்காமல் கிடந்த அடுக்குமாடி வீடுகளை வாரம் வாரமாகக் கூறுபோட்டு விற்பது கட்டுநர்களுக்குத் தப்பிக்கும் வழியாக அமைந்தது. ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் போவது எவருக்கும் சலித்துவிடும் என்பதால், ஒருவரது வாரத்தை மற்றொருவரது வாரத்தோடு மாற்றித் தரும் பரிமாற்ற நிறுவனங்கள் அடுத்து எழுந்தன. 1974-இல் ஜான், கிறிஸ்டெல் டிஹான் தம்பதியர் தொடங்கிய ஆர்.சி.ஐ. அவற்றுள் மூத்தது. 1984-இல் மேரியட்டும், 1991-இல் டிஸ்னியும் இத்தொழிலில் நுழைந்த பின்னர்தான் இதற்கு ஓரளவு மரியாதை கிடைத்தது.

இந்தியாவில் டைம்ஷேரின் கதையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1986-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், ஊட்டி ஆகிய மலைவாசத்தலங்களில் விடுதிகளை அமைத்து, நடுத்தரக் குடும்பங்களுக்கு இம்முறையை அறிமுகப்படுத்தியது. அதனைத் தாமஸ் குக் இந்தியா 2014-இல் தன்னுடன் இணைத்துக்கொள்வதாக அறிவித்தது. 1996-இல் சென்னையில் பதிவு அலுவலகத்தை வைத்துத் தொடங்கப்பட்ட மஹிந்திரா ஹாலிடேஸ் நிறுவனத்தின் ‘கிளப் மஹிந்திரா’ இன்று நாட்டின் மிகப் பெரிய திட்டமாக விளங்குகிறது. 1990-களில் இவற்றைப் பார்த்துப் புற்றீசல்போலக் கிளம்பிய சிறு நிறுவனங்கள் பல, கட்டாத விடுதிகளுக்குப் பணம் வாங்கிவிட்டுக் காணாமற்போயின. இன்றும் வயதில் மூத்தோர் பலர் ‘டைம்ஷேர்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்கு அக்கால அனுபவமே காரணம்.

அன்றைய சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். மலைவாசத்தலங்களில் குழந்தைகளோடு தங்கத்தக்க தூய்மையான, சிறு சமையலறையோடு கூடிய அறைகள் அன்று மிகக் குறைவு. கிடைத்த விடுதியின் தரத்தை நேரில் போய்ச் சேரும்வரை அறிய வழியில்லை. உறுப்பினர் திட்டம் அந்த நிச்சயமின்மையைப் போக்கியது. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயமும் இருந்தது. இன்று கைபேசியில் அறையின் படங்களையும் தங்கியவர்களின் கருத்துகளையும் பார்த்து, வேண்டாமென்றால் முந்தைய நாள்வரை முன்பதிவை நீக்கிக்கொள்ளும் வசதி பரவிவிட்ட நிலையில், தரத்துக்கான உத்தரவாதம் என்ற பழைய வாதம் பெரிதும் வலுவிழந்துவிட்டது. எனவே விலையும் பயன்பாடும் மட்டுமே இப்போது எடைபோடத்தக்கவையாக மிஞ்சுகின்றன.

உரிமையின் வகைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் பரவலாக உள்ள பத்திர முறையில், வாங்குபவரின் பெயருக்குக் கட்டடத்தின் பிரிபடாத பங்கு பதிவு செய்யப்படுகிறது. அது வாரிசுகளுக்கும் செல்லும், அதனோடு ஆண்டுக் கட்டணக் கடமையும் சேர்ந்தே செல்லும். பயன்பாட்டு உரிமை முறையில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமை மட்டுமே உண்டு. காலம் முடிந்ததும் கையில் ஒன்றும் இராது. இந்தியத் திட்டங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. புள்ளி முறையில் வாரத்துக்குப் பதிலாக ஆண்டுதோறும் ஒரு தொகுதி புள்ளிகள் வழங்கப்படுகின்றன; கூட்டம் மிகுந்த நாளுக்கு அதிகப் புள்ளிகளும், வெறிச்சோடிய நாளுக்குக் குறைந்த புள்ளிகளும் செலவாகும். புள்ளி முறை நெகிழ்வானது என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாளுக்கு எத்தனை புள்ளி என்பதைத் திருத்தும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்குமானால், அந்நெகிழ்வு இருபக்கமும் வளையும்.

இந்திய ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் விலையை முடிவு செய்பவை மூன்று: பருவம், அறையின் அளவு, ஆண்டுகளின் எண்ணிக்கை. பருவத்துக்கு நிறப்பெயர் இடுவது வழக்கம். கிளப் மஹிந்திராவின் பகுப்பில் ஊதா உச்சப் பருவம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்பவை படிப்படியாகக் கூட்டம் குறையும் பருவங்கள். கீழ்ப்படியிலுள்ள பருவத்தை வாங்கியவர் மேற்படியிலுள்ள பருவத்தில் தங்க விரும்பினால் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும், அல்லது அனுமதியே கிடைக்காமல் போகலாம். அறையில் சிறியது ஸ்டுடியோ எனப்படும் ஒற்றை அறை. அதன்மேல் ஒரு படுக்கையறை, இரு படுக்கையறை கொண்ட குடியிருப்புகள் உண்டு. கால அளவு பெரும்பாலும் 25 ஆண்டுகள். அண்மையில் இதைவிடக் குறுகிய திட்டங்களும் விற்கப்படுகின்றன. இம்மூன்றோடு, தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய ஆண்டுச் சந்தாவும், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரும். இச்சந்தா ஆண்டுக்கு எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உள்ளதா என்பது, விற்பனைக் கூடத்தில் எவரும் தாமாக எடுத்துரைக்காத, ஆனால் முதலில் கேட்கப்பட வேண்டிய வினா.

பருவத் தேர்வு பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு முரணை உண்டாக்குகிறது. மலிவான நீலப் பருவம் பெரும்பாலும் மழைக்காலத்திலும் பள்ளி நடக்கும் மாதங்களிலும் வருவது. பள்ளி விடுமுறைகளோ ஏப்ரல் இறுதியிலிருந்து மே முடியவும், காலாண்டுத் தேர்வுக்குப் பின் ஆயுத பூசையை ஒட்டியும், டிசம்பர் கடைசி வாரத்திலும், பொங்கலிலும் வருபவை. ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடைபெறும் மே மாதத்தில் மலையேற விரும்பும் குடும்பம் உச்சப் பருவ உறுப்பினராகத்தான் சேர வேண்டும். அவ்வாறு சேர்ந்த பின்னரும், அதே மாதத்தை விரும்பும் பிற உறுப்பினர்கள் அனைவரோடும் போட்டியிட்டு, முன்பதிவு திறக்கும் நாளிலேயே முந்திக்கொள்ள வேண்டும். உறுப்பினர் உரிமை என்பது குறிப்பிட்ட அறைக்கான உரிமை அன்று. அறை இருந்தால் கேட்டுப் பெறுவதற்கான உரிமையே. அறை உறுதியான பிறகும், 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இ-பாஸ் போன்ற ஏற்பாடுகள், எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறாத மற்றொரு வாயிற்படியாக நிற்கக்கூடும்.

இனி விலையைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டுக்காக, வரியும் உட்பட 5 லட்சம் ரூபாய்க்கு 25 ஆண்டுகள், ஆண்டுக்கு 7 இரவுகள் என்ற ஒரு திட்டத்தையும், வரியோடு 23,600 ரூபாய் ஆண்டுச் சந்தாவையும் வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் 5 லட்சத்தை 25-ஆல் வகுத்து, ஆண்டுக்கு 20,000, இரவுக்கு 3,000-க்கும் குறைவு என்று எழுதிக் காட்டுவார். இக்கணக்கில் இரண்டு விடுபாடுகள் உள்ளன. ஒன்று, ஆண்டுச் சந்தா. மற்றொன்று, முன்கூட்டியே கொடுத்த பணம் இழந்த வட்டி. அதே 5 லட்சத்தை 7 விழுக்காடு வட்டி தரும் வைப்பில் இட்டு, அசலும் வட்டியும் சேர்ந்து 25 ஆண்டுகளில் தீர்ந்துபோகும்படி ஆண்டுதோறும் சமமாக எடுத்துவந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 42,900 ரூபாய் கிடைக்கும். உறுப்பினராவதால் ஒரு குடும்பம் ஆண்டுதோறும் உண்மையில் விட்டுக்கொடுப்பது அத்தொகையைத்தான். சந்தாவையும் கூட்டினால் ஆண்டுக்கு 66,500. இரவுக்கு ஏறத்தாழ 9,500 ரூபாய்.

இதற்கு விற்பவர் தரப்பில் ஒரு நேர்மையான மறுமொழி உண்டு. அதனை மறைப்பது நியாயமாகாது. அறை வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது, உறுப்பினரோ இன்றைய விலையிலேயே எதிர்கால வாடகையின் ஒரு பகுதியைக் கட்டிவிடுகிறார் என்பதே அது. வாடகை ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுமென்றும், சந்தாவும் அதே வேகத்தில் ஏறுமென்றும் கொண்டால், 7 விழுக்காடு வட்டியில் மெய்யாக மிஞ்சுவது 2 விழுக்காடுதான். அப்போது இன்றைய ரூபாய் மதிப்பில் முதலின் ஆண்டுப் பங்கு 25,600 ஆகவும், சந்தாவோடு சேர்த்து 49,200 ஆகவும், இரவுக்கு ஏறத்தாழ 7,000 ஆகவும் குறைகிறது. உச்சப் பருவத்தில் அதே தரமுள்ள மலை விடுதியின் குடும்ப அறைக்கு இன்று கேட்கப்படும் வாடகை இதைவிடக் கணிசமாக அதிகமென்றால் திட்டம் ஆதாயமானது, இல்லையென்றால் நட்டம். வாங்க எண்ணுபவர் தாம் போக விரும்பும் நான்கைந்து ஊர்களில், தாம் போகக்கூடிய வாரத்தில், வெளியாருக்கான வாடகை என்னவென்று தேடிப் பார்த்துக் குறித்துக்கொண்டால், விற்பனையாளரின் ஒரு மணி நேரப் பேச்சைவிட அந்தத் துண்டுச்சீட்டு அதிகம் சொல்லும்.

மாதத் தவணையில் வாங்குவோருக்கு இக்கணக்கு மேலும் கனக்கும். 1 லட்சத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு மீதி 4 லட்சத்தை 15 விழுக்காடு வட்டியில் 48 தவணைகளாகச் செலுத்தினால், மாதத்துக்கு 11,100 ரூபாய்க்கு மேல் ஆவதோடு, வட்டியாக மட்டும் ஏறத்தாழ 1,34,000 ரூபாய் போகும். கடன் வாங்கி வீடு கட்டினால் வீடு நிற்கும், கடன் வாங்கிப் படித்தால் வேலை கிடைக்கலாம். கடன் வாங்கி 2040-ஆம் ஆண்டின் விடுமுறையை இன்றே வாங்குவதற்கு அத்தகைய சமாதானம் எதுவும் சொல்ல இயலாது. பயணச் செலவும் சாப்பாடும் இவற்றுள் அடங்கவில்லை. ஊரிலிருந்து தள்ளி மலைச்சரிவில் அமைந்த விடுதிகளில், வெளியே உணவகம் இல்லாத காரணத்தால், மூன்று வேளையும் விடுதியின் விலைக்கே சாப்பிட நேர்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு ஆண்டுச் சந்தாவை எட்டிவிடுவது அரிதன்று.

ஆயினும் மேற்கண்ட எண்கள் அனைத்தும் ஒரே ஓர் ஊகத்தின்மேல் நிற்கின்றன: ஆண்டு தவறாமல் அக்குடும்பம் ஏழு இரவுகளையும் பயன்படுத்தும் என்பது. 25 ஆண்டுகளில் 15 ஆண்டுகளுக்குரிய இரவுகள் மட்டுமே பயன்பட்டால், 7,000 ரூபாய் என்று கண்ட அந்த இரவு 11,700 ரூபாயாகிவிடும். எனவே தீர்மானத்தின் அச்சாணி விலைப்பட்டியலில் இல்லை, குடும்பத்தின் நாட்காட்டியில் இருக்கிறது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் நாட்காட்டியை விரித்துப் பார்த்தால், விடுமுறை என்று பெயர்பெற்ற நாட்களில் பாதிக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருப்பது தெரியவரும். கோடையில் தாத்தா பாட்டி ஊர், குலதெய்வக் கோயில் கொடை, சித்திரையிலும் வைகாசியிலும் நெருங்கிய உறவினர் திருமணங்கள், காதுகுத்து, புதுமனை புகுவிழா. டிசம்பரில் சபரிமலைக்கு மாலை போட்டவர் வீட்டில் இருந்தால் அது ஒரு கணக்கு, வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் இருந்தால் அது ஒரு கணக்கு. வீட்டில் துக்கம் நேர்ந்தால் அந்த ஓராண்டில் உல்லாசப் பயணம் என்ற பேச்சே எழாது. இரண்டு பிள்ளைகள் 10, 12-ஆம் வகுப்புகளை எட்டும்போது, பொதுத்தேர்வுக்கு முந்தைய கோடை சிறப்பு வகுப்புகளிலும், பிளஸ் டூ-வுக்குப் பிந்தைய கோடை நீட் தேர்விலும் கல்லூரி விண்ணப்பங்களிலும் கரைந்துவிடும்.

இதனைக் காலத்தின் ஓட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கையொப்பமிடும் நாளில் 38 வயதான தந்தை, ஒப்பந்தம் முடியும்போது 63 வயதை அடைந்திருப்பார். 5 வயதுக் குழந்தைக்கு 30 வயதாகி, திருமணமும் ஆகியிருக்கலாம். நான்கு பேருக்குப் போதுமென்று வாங்கிய ஸ்டுடியோ அறை, மகளுக்கு 14 வயதும் மகனுக்கு 17 வயதும் ஆகும்போது போதாது. பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்வதாயின் தொடக்கத்திலேயே போதாது. பெரிய அறைக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்பார்கள், அன்றைய விலைக்கு. 25 ஆண்டுகளில் ஒரு குடும்பம் அந்தக் குடும்பமாகவே நீடிப்பது ஏழெட்டு ஆண்டுகள்தான். மழலைகள் நடக்கத் தொடங்குவதற்கும் அவர்கள் பெற்றோரோடு வர விரும்பாமற்போவதற்கும் இடைப்பட்ட அக்காலமே விடுதி விளம்பரப் படங்களில் காட்டப்படுவது.

யாருக்கு இது பொருந்தும் என்பதற்கும் இதிலிருந்தே விடை கிடைக்கிறது. ஏற்கெனவே கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக, எவருடைய தூண்டுதலும் இன்றி, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு வாரம் வெளியூரில் விடுதியில் தங்கிவருகிற குடும்பம் இதனைப் பரிசீலிக்கலாம். இதுவரை போகாதவர்கள், வாங்கிவிட்டாலாவது போவோம் என்று எண்ணி வாங்குவது உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதைப் போன்றது. ஓய்வுபெற்ற, உடல்நலமுள்ள தம்பதியருக்குப் பள்ளி விடுமுறையின் கட்டு இல்லை. மலிவான பருவத்தை வாங்கி, ஜூலை மாதத்து வார நாட்களில் மூணாறின் மழையை அவர்கள் நிதானமாக அனுபவிக்க முடியும். ஆனால் அவர்களுக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் தேவையில்லை, குறுகிய காலத் திட்டமே பொருந்தும். பிள்ளைகள் வெளிநாடுகளில் குடியேறி, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் ஓரிடத்தில் கூடும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு, ஒரே வளாகத்தில் சமையலறையோடு கூடிய பெரிய குடியிருப்பு கிடைப்பது மெய்யான பயன். பரிமாற்ற நிறுவனம் வழியாக உலகெங்கும் தங்கலாம் என்ற வாக்குறுதியைப் பொறுத்தவரை, அது பண்டமாற்றின் விதிப்படியே நடக்கும் என்பதை மறக்கலாகாது: ஊதாப் பருவ வாரத்தைக் கொடுப்பவருக்கு நல்ல வாரம் கிடைக்கும், நீல வாரத்தைக் கொடுத்துவிட்டுக் கோடைக்காலப் பாரீசைக் கேட்பவர் காத்திருக்க வேண்டியதுதான், அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

விற்பனை முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வணிக வளாகத்திலோ பெட்ரோல் பங்கிலோ நிரப்பிப் போட்ட பரிசுச் சீட்டில் பெயர் விழுந்திருப்பதாகத் தொலைபேசி வரும். பரிசைப் பெற்றுக்கொள்ளக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வர வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற, தமிழ்நாட்டில் எந்த விற்பனையாளரையும் கௌரவமாக அனுப்பிவைக்கும் அந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே அடைத்துவிடும் நிபந்தனை அது. உள்ளே ஒன்றரை மணி நேரம் உரையாடல், இசை, பக்கத்து மேசையில் யாரோ சேர்ந்துவிட்டதற்குக் கைதட்டல், முதலில் ஒரு விலை, தயங்கினால் மேலாளர் வந்து சொல்லும் வேறு விலை, இன்று மட்டுமே இந்தச் சலுகை என்ற கெடு. நாளை கிடைக்காத விலை என்பது பெரும்பாலும் நாளைக்குச் சிந்தித்துவிட்டால் விற்காத பொருளின் விலை. வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை எதுவும் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தா என்ற விதியும் அதே ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் பெரும்பாலும் இருக்கும் என்பதால், சொன்னதை எழுதிக் கேட்பதே அங்கு செய்யத்தக்க ஒரே பரிசோதனை.

முதலீடு என்ற சொல் அப்பேச்சில் எங்கேனும் தலைகாட்டினால் எழுந்துவிடுவது உத்தமம். விடுதி இரவுகளை விற்பதாகச் சொல்லி, தங்காவிட்டால் கால முடிவில் பெருக்கிய தொகை திரும்பத் தரப்படும் என்று கவர்ந்த பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம், 50 லட்சத்துக்கும் அதிகமானோரிடமிருந்து 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதைக் கண்ட பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2014-இல் அதற்குத் தடை விதித்து, 2016-இல் பணத்தைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. இலாபம் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் திரட்டி நிறுவனமே நிர்வகிக்கும் திட்டம் கூட்டு முதலீட்டுத் திட்டம் எனப்படும். செபியில் பதிவு செய்யாமல் அதனை நடத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. டைம்ஷேரை முதலீடாக விளம்பரப்படுத்துவதையே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணை தடைசெய்கிறது. நேர்மையான நிறுவனத்தின் உறுப்பினர் உரிமையும் விற்கப்போனால் வாங்கிய விலையின் சிறு பகுதிக்கே போகிறது. அமெரிக்காவில் ஆண்டுக் கட்டணச் சுமையைக் கைகழுவினால் போதுமென்று 1 டாலருக்கு விற்பனைக்கு வைப்போர் உண்டு. இதிலிருந்து ஒரு சிக்கனமான வழியும் பிறக்கிறது: விதிகள் இடம் தரும் திட்டங்களில், பெயர் மாற்றக் கட்டணத்தையும் எஞ்சிய ஆண்டுகளையும் நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்த்து, பழைய உறுப்பினரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கலாம்.

விற்க முடியாமல் தவிப்போரைச் சுற்றி ஒரு மோசடித் தொழிலும் வளர்ந்துள்ளது. உங்கள் உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு வாங்க ஆள் தயாராக உள்ளார், வரியையும் தடையின்மைச் சான்றுக்கான கட்டணத்தையும் மட்டும் முன்னதாக அனுப்புங்கள் என்று வரும் அழைப்புகள் அவ்வகை. மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்களே இத்தொழிலில் இறங்கி, 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்களிடம் 30 கோடி டாலரை நெருங்கிய தொகையைச் சுருட்டியுள்ளன என்று அமெரிக்க அரசு அமைப்புகள் தெரிவித்துள்ளன. முதியோரே பெரிதும் ஏமாறுகின்றனர்.

நிறுவனத்தின் ஆயுளும் எண்ணிப் பார்க்கத்தக்கது. முன்பெல்லாம் உறுப்பினரிடம் பெற்ற தொகையில் பெரும்பகுதியைப் பெற்ற ஆண்டிலேயே வருமானமாகக் காட்டும் வழக்கம் இருந்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 115, அதனை ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் பகிர்ந்து காட்டும்படி செய்துவிட்டது. அப்பணம் இன்னும் சம்பாதிக்கப்படவில்லை, ஆண்டுதோறும் அறையைக் கொடுத்த பிறகே சம்பாதிக்கப்படும் என்பதே இதன் பொருள். உறுப்பினர் என்பவர், கணக்காளரின் பார்வையில், நிறுவனத்துக்கு 25 ஆண்டுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டுச் சேவைக்காகக் காத்திருப்பவர். ஈடாக அவர் கையில் எந்தச் சொத்தும் இல்லை. ஆகவே விடுதிகள் நிறுவனத்தின் சொந்தக் கட்டடங்களா, குத்தகைக்கு எடுத்தவையா, குத்தகை எத்தனை ஆண்டுக்கு என்ற வினாக்கள், நீச்சல் குளத்தின் படத்தைவிடக் கவனத்துக்குரியவை.

டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்பந்தமிட்ட 14 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம். அந்நாட்களில் முன்பணம் வாங்குவதற்கே தடை உண்டு. புளோரிடா மாநிலச் சட்டம் 10 நாட்கள் தருகிறது. அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாக வாங்குபவர் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. இந்தியாவில் இவ்விலகல் காலம் நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால்தான் உண்டு. முறையீட்டுக்கு உள்ள இடம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்: 50 லட்சம் ரூபாய்வரை விலை கொடுத்தவற்றுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம்வரை கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அணுகலாம்.

கையொப்பமிட்ட பின் மனம் மாறியவர் முதலில் புரட்ட வேண்டியது ஒப்பந்தத்தின் விலகல் பிரிவு. நாட்கள் கையொப்பமிட்ட தேதியிலிருந்து எண்ணப்படுகின்றனவா, முதல் தொகை செலுத்திய தேதியிலிருந்தா என்பதைப் பார்த்து, தொலைபேசியில் பேசிக்கொண்டிராமல், விலகுவதாக ஒரு வரி எழுதி நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும், ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கும் அதே நாளில் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் பிரிவிலிருந்து அழைத்து, வேறு நல்ல திட்டம் ஒன்றைக் காட்டுகிறோம், வரும் சனிக்கிழமை நேரில் வாருங்கள் என்பார்கள். கெடு முடிவது பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பாகவே இருக்கும்.